தாமோதரன் கையில் மைக்

திருப்புலிவனத்துக்கு அடுத்த ஊரில் கல்யாணமோ காதுகுத்தோ, எதுவானாலும் தாமோதரனின் மைக் செட்டுதான். காலனி டேனியல் புது சவுண்ட் பாக்ஸ் வாங்கும் வரை. நேற்றுவரை தன்னிடம் ஒயர் சுற்றியவன்! அவன் பெயரைக் கேட்டாலே தாமோதரனுக்கு வயிறு எரியும். உத்திரமேரூர் பஜாரில் அவன் எதிரே வந்தால், செருப்புக் கடையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார்.

ஆடிக் கடைசி வெள்ளியன்று காலையில் அம்மன் கோயில் பேனர் கிழிந்து கிடந்தது. முந்தைய நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் காலனிப் பையன்கள் கிழித்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் தீர்ப்பே வந்துவிட்டது. கோயில் முன்னால் கட்டைகள் சேர்ந்தன, பெட்ரோல் கேனும் வந்தது.

விழாக் கமிட்டி வினோத்குமார் தாமோதரனிடம் வந்தான். "மாமா, மைக்ல ஒரு வார்த்த சொல்லு. நாலு தெருவும் வந்துரும். காலனில ஒரு வூடு மிஞ்சக் கூடாது." பிறகு காதோரம் சொன்னான்: "டேனியல் செட்டும் சேந்து எரியும்."

அது இனிக்கத்தான் செய்தது, பொய் சொல்வானேன். ஆம்ப்ளிபயரைப் போட்டு மைக்கை எடுத்துவிட்டார். அப்போதுதான் நேற்றைய சாயங்காலம் நினைவுக்கு வந்தது. சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் காலனியே போகும்.

"பேனர காலனிப் பசங்க கிழிக்கல," என்றார் மைக்கில். "வெளக்கு வெக்கிற நேரத்துல அத்தினி பேரும் மாதா தேர் தூக்கினு இருந்தாங்கோ. நான் பாத்தேன்."

"நீ இன்னாத்துக்கு அங்க போன?" வினோத்குமார் கத்தினான்.

"டேனியல் செட்டப் பாக்கத்தான்! மாதா கோயில் மதிலாண்ட ஒளிஞ்சி நின்னு, தேர் எறங்குற வரிக்கும் வயிறெரிஞ்சி பாத்துகினு இருந்தேன். போதுமா? அந்தப் பசங்க கிழிச்சத உங்கள்ல யாரு பாத்தது, சொல்லு!"

நாலு தெருவுக்கும் கேட்டது. யாரோ ஒரு பெண் சிரித்தாள். ஆண்கள் போனைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பார்த்தவன் என்று ஒருவனும் முன்னே வரவில்லை. தாமோதரன் மனைவி பவளம் பெட்ரோல் கேனைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். வினோத்குமார் துப்பிவிட்டுப் போனான்.

சாயங்காலம் டேனியல் வந்தான். இடுப்பில் கைக்குழந்தை.

"மதிலாண்ட நின்னா பேஸ் சத்தம் சரியா கேக்காதுண்ணா. அடுத்த தபா உள்ள வா."

அந்த எகத்தாளத்துக்குத் தாமோதரனுக்கு மறுபடி வயிறு எரிந்தது. குழந்தை கையை நீட்டி அவர் விரலைப் பிடித்தது. காலையில் இதன் வீட்டையும் எரிக்கச் சொல்ல மைக்கை எடுத்த கையின் விரல். அவரால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.