இரண்டாவது டீ யாருக்கு

சலவைக்கூடத்தில் எல்லோரும் அவளை மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் உருளை இயந்திரத்திலிருந்து சூடாக வந்து விழும். அவள் ஒரு முனையைப் பிடித்து உதறினால் சுருக்கம் ஓடிப்போகும். பேச்சு குறைவு, சிரிப்பு அதைவிடக் குறைவு.

பிறவியிலேயே அப்படி இல்லை. கணவன் இறந்த வருடம் அவளுக்கு மனம் நிலைகொள்ளாமல் போனது. தூக்கம் போய், ஊருக்கே வாரிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வேகம் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக்கு ஃபிரிட்ஜ், எதிர்வீட்டுக்காரனுக்கு மோட்டார் சைக்கிள். அந்த நேரம் பார்த்து ஒருவன் வந்து இனிக்க இனிக்கப் பேசினான். வீட்டுப் பத்திரத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கிடந்து தெளிந்து வந்தபோது வீடும் இல்லை, அவனும் இல்லை.

டயர் கடை வைத்திருக்கும் தம்பி அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். அவள் கணக்கை அவன்தான் கவனிக்க வேண்டும் என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். வங்கியில் ஒரு சாதாரண டெபிட் கார்டு கொடுத்தார்கள்.

"கடையில தேய்க்கலாம்மா. ஏடிஎம்ல பணம் வராது. எங்க தேய்ச்சாலும் உங்க தம்பி ஃபோனுக்கு மெசேஜ் போயிடும்" என்று, பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள் கவுன்ட்டரில் இருந்த பெண்.

அதன்பிறகு எதை வாங்கினாலும் தம்பியும் கூடவே நிற்பதுபோல இருந்தது அவளுக்கு. மருந்துக்கடையில் தலைக்குப் பூசும் சாயத்தைக் கையில் எடுத்தாள். இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று அவன் நினைப்பானோ என்று தோன்ற, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமைகளில் வெளியூர் ஆஸ்பத்திரித் துணிமூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் வரும். ஓட்டுபவர் மனைவியை இழந்தவர். ஒருநாள் கேன்டீனில் டீ கேட்டவர், பர்ஸை வேனிலேயே விட்டுவிட்டு வந்து சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நின்றார். அங்கே கார்டு மட்டும்தான் செல்லும். பின்னால் நின்றிருந்த அவள், அவருடைய டீக்கும் சேர்த்துத் தன் கார்டை நீட்டினாள். எத்தனையோ வருடம் கழித்து இன்னொருவருக்காக ஏதோ வாங்குகிறாள்.

அடுத்த வாரம் அவர் வாங்கித் தர வந்தார். அவள் விடவில்லை. "என் கார்டுல போகட்டுங்க. சும்மாதானே கிடக்குது" என்றாள். வேலை, முட்டிவலி, அவருடைய பெண்களின் படிப்பு என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அவ்வளவுதான். ஆனாலும் புதன்கிழமை வந்துவிட்டால் அவளுக்கு வேலை பறக்கும்.

ஒருநாள் சாப்பிடும்போது தம்பி ஃபோனைப் பார்த்தபடி கேட்டான்.

"அக்கா, வியாழக்கிழமை மட்டும் கேன்டீன்ல ஏன் ரெட்டிப்பா போகுது?"

"பசிச்சுதுடா."

"வாராவாரமா?"

அவளுக்குப் பொய் சொல்ல வராது. "ஒருத்தருக்கு டீ வாங்கிக் குடுத்தேன். வேன் ஓட்டுறவரு."

அவன் கை தட்டிலேயே நின்றது. கோபம் இல்லை, பயம். ஏமாற்றிப் போனவனைத் தேடி ஊர் ஊராக அலைந்தவன் அவன்தான்.

"அவன் உங்கிட்ட ஏதாவது கேட்டானா?"

"சர்க்கரை கம்மியா கேட்டாரு."

தம்பி சிரிக்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை ஜன்னல் வழியே பார்த்தாள். கேட்டருகே தம்பி அந்த மனிதரிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தான். கத்தியிருந்தால்கூட அவளுக்குத் தேவலாம்போல இருந்தது. அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு வேனில் ஏறினார். கேன்டீன் பக்கம் வரவே இல்லை.

"என்னடா சொன்னே அவர்கிட்ட?"

"உள்ளதைத்தான் சொன்னேன்."

"எல்லாத்தையுமா?"

"தெரிஞ்சும் வர்ற ஆளா இருந்தா வரட்டுமேக்கா."

அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது.

வேனில் வேறு ஆள் வர ஆரம்பித்தான். வெகுநாள் கழித்து மூட்டை இறக்கும் இடத்தில் பழையவரைத் தற்செயலாகப் பார்த்தாள்.

"நானேதான் ரூட்டை மாத்திக் கேட்டேங்க" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "எனக்கு ரெண்டு பொண்ணுங்க. நாளைக்கு உங்களுக்கு மறுபடியும் உடம்புக்கு ஏதாவது ஆகி, என்னாலதான்னு..."

"நானே சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றாள் அவள். "எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் யாரோ வேனை நகர்த்தச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கேன்டீனிலிருந்து மெசேஜ் வருவது அடியோடு நின்றுபோனதும் தம்பிக்கு மனசு கேட்கவில்லை. அவனாகவே வங்கிக்குப் போய்வந்தான்.

"இனிமே எனக்கு மெசேஜ் வராதுக்கா. மாசத்துக்கு ஒரு தடவை நான் கணக்கைப் பார்த்தா போதும்னு சொல்லிட்டாங்க. உனக்குப் பிடிச்சதை வாங்கிக்கோ."

"சரிடா" என்றாள். அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று அவன் காத்திருந்தான். அவள் சாப்பிட்ட தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த மாதமே சூப்பர்வைசரிடம் கேட்டு அதிகாலை ஷிப்டுக்கு மாறிக்கொண்டாள். அந்த நேரத்தில் வேன்கள் வருவதில்லை, கேன்டீனும் திறந்திருக்காது.