ஓடுற கார்ல ஒரு தபா

ஈயம் உருக்கும் சால்ட்ரிங் அயன் சூடேறிவிட்டதா என்று பார்க்க ரமாபாய் அதைக் கன்னத்துக்கு ஒரு விரற்கடை தூரத்தில் பிடிப்பாள். பார்க்கிற நமக்குத்தான் பகீர் என்கிறது. அவளோ ஒரு நொடி கன்னத்தாலேயே சூட்டை எடைபோட்டு, "இன்னும் வர்ல" என்று அதைத் திரும்பச் சாய்த்துவைத்துவிட்டு, ஒரு கைப்பிடி வறுத்த பட்டாணியை மென்று முடிப்பாள். பட்டாணி தீரும்போது அயன் தயாராக இருக்கும். பல வருஷமாக இதுதான் அவளுடைய கடிகாரம்.

வியாசர்பாடியில் வாரியக் குடியிருப்பின் மூன்றாவது மாடி. ஜன்னலோரம் தையல் மிஷின் மேஜை ஒன்று. மேலே இருந்த மிஷின் எப்போதோ கைமாறிவிட்டது. அந்த மேஜையில்தான் ரமாபாய் காருக்கு எம்பி3 பிளேயர் செய்கிறாள். கழித்துப்போட்ட கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சிடி டிரைவ். ரிச்சி தெருவில் வாங்கிய விசிடி போர்டு, உள்ளங்கை அகலம். படம் காட்டப் பிறந்த அந்தப் போர்டிடம் இவள் பாட்டை மட்டும் வாங்கிக்கொள்கிறாள். மேலுக்குச் சாத்தாங்காட்டு இரும்புக்கடைகளில் வெட்டித் தருகிற தகரத்தில் ஒரு பெட்டி. ஒரே சிடியில் நூற்றைம்பது பாட்டு. பெரிய கடைகளில் ஐயாயிரம் சொல்லும் சாமானை ஆயிரத்து முந்நூறுக்குக் கொடுத்துவிடுகிறாள். இந்த 2003ஆம் வருஷத்தில் மட்டும் இருபத்தாறு செட்டு போயிருக்கிறது.

டிரைவைப் பெட்டியோடு சேர்த்து முடுக்கினால் வண்டி பள்ளத்தில் விழும்போது பாட்டும் சேர்ந்து விழும். அதனால் முடுக்குவதில்லை. சைக்கிள் ட்யூபைப் பட்டை பட்டையாக வெட்டி, நாலு மூலையிலும் கட்டித் தொங்கவிடுகிறாள்.

"தூளி கட்ற மாதிரிதான். ரோடு இன்னா ஆட்டம் வேணா ஆடட்டும், உள்ள கொயந்த முயிச்சிக்கக் கூடாது" என்பாள்.

தூளி தாங்குமா என்று பார்க்கிற விதம் இன்னும் வேடிக்கை. வீட்டுக்காரர் சுப்பராயன் காசிமேட்டிலிருந்து மார்க்கெட்டுகளுக்கு மீன் ஏற்றும் மீன்பாடி வண்டி ஓட்டுகிறார். முன்னால் பலகை, பின்னால் பழைய மோட்டார் என்று மூன்று சக்கரத்தில் தடதடக்கிற அந்த வண்டி மதியம் காலியாகத் திரும்பும்போது, ரமாபாய் பலகைமேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, பக்கத்தில் கார் பாட்டரி, மடியில் பிளேயர், ஒரு ஸ்பீக்கர் சகிதம் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஊர்வலம் போவாள். கன்டெய்னர் லாரிகள் தோண்டிவைத்த பள்ளங்கள் ஒன்றையும் விடக்கூடாது என்று சுப்பராயனுக்கு உத்தரவு.

"இன்னாக்கா, கச்சேரியா?" என்பார்கள் டீக்கடையிலிருந்து.

"ஆமாண்டா, உன் கல்யாணத்துக்கு!"

இந்தச் சோதனையில் தேறிய செட்டு எந்தக் காரிலும் தேறிவிடும். ஒரே கஷ்டம், வாசனை. எலுமிச்சைத் தோலால் எத்தனை தேய்த்தாலும் போகாது. செட்டுகளைக் கார்களில் மாட்டித் தருகிற எலக்ட்ரீஷியன் தாவூது, பெட்டியை மூக்கருகே கொண்டுபோய், "தங்கச்சி, இதுல பாட்டு வர்தோ இல்லியோ, வஞ்சரம் வர்து" என்பார்.

ரமாபாயிடம் ஒரு குணம். செட்டு விஷயத்தில் அவளுக்குப் பொய் வராது. மூடி கொஞ்சம் இறுக்கமாக இருந்தால்கூட வாங்குகிறவர் கண்டுபிடிக்கும் முன்னால் இவளே சொல்லிவிடுவாள். "விக்கிற பொருள நீயே கொறை சொல்லிகினு கீறியே" என்று தாவூது தலையில் அடித்துக்கொள்வார்.

இந்த வேலைக்கு முன் பதினோரு வருஷம் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு டிவி கம்பெனியில் இருந்தாள். வரிசையில் பதினாலாம் நம்பர் சீட்டு. முன்னால் வந்து நிற்கும் போர்டில் ஒன்பது இடத்தில் ஈயம் வைத்துப் பதினைந்தாம் சீட்டுக்குத் தள்ள வேண்டும். அவள் கைபட்ட டிவி எத்தனை ஆயிரம் வீட்டில் ஓடுகிறதோ, ஒன்றிலாவது படம் வந்து அவள் பார்த்ததில்லை. படம் பார்க்கிற இடம் வேறு கட்டடம். உள்ளே போக வேறு நிற அட்டை வேண்டும். கம்பெனியை மூடிய அன்றைக்கு, "ஒரு தபா அந்தாண்ட பாத்துட்டு வர்ட்டா?" என்று வாட்ச்மேனிடம் கேட்டாளாம். "பூட்டியாச்சும்மா" என்றாராம் அவர். பிறகு ரிச்சி தெருக் கடைக்காரர்களைக் கேட்டுக் கேட்டு, ஏழு போர்டைப் புகையவிட்டு, முழு செட்டையும் தானே செய்யக் கற்றுக்கொண்டாள்.

ஆனால் பாருங்கள், பழைய கதைதான் இங்கேயும். சனிக்கிழமை பஸ்ஸில் செட்டுகளைக் கொண்டுபோய்த் திருவொற்றியூர் டோல்கேட்டில் தாவூதின் கடையில் கொடுப்பாள். மறுநாள் கார்கள் வரும், மாட்டிக்கொண்டு போகும். இந்த வருஷம் மட்டுமே இருபத்தாறு காரில் அவள் செட்டு ஏறியிருக்கிறது. ஓடுகிற காரில் உட்கார்ந்து ஒன்றைக்கூட அவள் கேட்டதில்லை. காரில் ஏறியதே கல்யாணத்தன்று ஒரு தடவைதான். அன்றைக்கும் இரண்டு அத்தைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டதால் வெளியே ரோடு தெரியவில்லை.

"ஓடுற கார்ல குந்தி ஒரு தபா கேக்கணும்யா. கண்ணாடிய ஏத்தி உட்டுட்டு, வெளிச் சத்தம் இல்லாம. அவ்ளோதான்" என்பாள் சுப்பராயனிடம்.

"ஏன், நம்ம ரதத்துக்கு இன்னா கொறச்சல்?" என்பார் அவர். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். மீன்பாடி மோட்டார் போடும் கூச்சலில் பாட்டு பாதிக்கு மேல் காதில் விழாது என்பது அவருக்கும் தெரியும்.

தாவூதிடம் கேட்டால் ஏதாவது ஒரு காரில் ஏற்றிவிடுவார். கேட்க வாய் வரவில்லை. ஆசையைச் சொன்னால் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிடுமோ என்று கூச்சம். 'டெஸ்ட் பண்ணனும் பாய்' என்று வேலைபோல ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "நான் கேட்டா நீ கேட்ட மாதிரி" என்று அவர் அதை அதோடு முடித்துவிட்டார்.

கடைசியில் கைகொடுத்தது ஒரு கோளாறு. வண்டி ஓடும்போது பாட்டுக்கு நடுவே ஏதோ சத்தம் வருகிறது என்று மூன்று செட்டு திரும்பி வந்தன. மேஜையில் வைத்தால் சத்தமே இல்லை. மீன்பாடிப் பலகையில் வைத்தாலும் இல்லை. எப்படிச் சத்தம் என்று கேட்டால் தாவூது கண்ணை மூடி, "ஙொய்ய்ய்..." என்று ஒரே சுதியில் வாயால் பாடிக் காட்டுவார். அந்த 'ஙொய்'யை மனதில் வைத்து ரமாபாய் இரண்டு மாதமாகப் போர்டில் ஒவ்வொரு சாமானாக மாற்றிக்கொண்டிருந்தாள். சத்தம் போகவில்லை. தூக்கம் போனதுதான் மிச்சம்.

போன சனிக்கிழமை அதே புகாரோடு நாலாவது ஆளாகக் கடைக்கு வந்தது ஞானசெல்வி. சாத்தாங்காட்டில் இரும்புக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பத்து மருமகள்; சொந்தமாக மாருதி ஓட்டுகிறவள். தாவூது வழக்கம்போலக் கண்ணை மூடிப் பாட ஆரம்பித்ததும் அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"நீங்க பாடாண்டாம் பாய். செட்டு செஞ்சது இந்த அக்காதானே? அவங்களே வந்து கேக்கட்டும். ஏறுங்கக்கா."

ரமாபாய் செருப்பைக் கழற்றக் குனிந்தாள். "ஐயே, செருப்போட ஏறுங்க!" என்றாள் ஞானசெல்வி.

தேரடி வரைக்கும்தான் போனார்கள். கார் வேகம் எடுக்க எடுக்கச் சத்தமும் மேலே ஏறியது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கீழே இறங்கியது. ரமாபாய் தொடையில் ஓங்கித் தட்டிக்கொண்டாள். "ஏறி எறங்குதும்மா! அத்த சொல்லல பாரேன் அந்த மன்சன். இது போர்டு கோளாறே இல்ல. காரு டைனமோவுலேர்ந்து கரண்டோட கூடவே வர்து. வூட்ல வெறும் பாட்டரிதான, அங்க எப்டி கேக்கும்?"

கடைக்குத் திரும்பியதும் தன் கூடையைக் கொட்டிக் கவிழ்த்தாள். கருப்பு வளையத்தில் செம்புக் கம்பி சுற்றிய, இரைச்சலை வடிகட்டுகிற காயில் சுருள் ஒன்று அடியில் கிடந்தது. கரண்டு வருகிற ஒயரை நடுவில் வெட்டி, காயிலை முறுக்கிச் சேர்த்து, டேப் சுற்றினாள். பத்து நிமிஷம் ஆகவில்லை. தாவூது எட்டிப் பார்த்து, "இத்துனூண்டு சாமானா?" என்றார். அவருக்குப் பதில் சொல்ல அவளுக்கு நேரமில்லை. அதற்குள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணாடிய ஏத்திக்கலாமாம்மா?"

"ஏசி ஓடலக்கா. வெந்து போயிருவோம்."

"கொஞ்ச நேரம்தான்."

கண்ணாடிகள் ஏறின. லாரி ஹாரன், கடல் காற்று, கண்டக்டர் விசில் எல்லாம் வெளியே நின்றுவிட்டன. சோதனைக்கென்று அவள் எப்போதும் போடும் மூன்றாம் நம்பர் பாட்டுதான் ஓடியது. முந்நூறு தடவையாவது போட்டிருப்பாள். ஆனால் கோளாறு தேடுகிற காது பாட்டைக் கேட்பதில்லை. சரணத்துக்கு முன்னால் பாடுகிற பெண் மெல்ல மூச்சு இழுப்பது இன்றைக்குத்தான் அவள் காதில் விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

இரைச்சல் போய்விட்டது. தேரடி தாண்டும் முன்பே அது ரமாபாய்க்குத் தெரிந்துவிட்டது. ஞானசெல்வி காரைத் திருப்புவதற்காக ஓரம் கட்டினாள்.

"போச்சாக்கா?"

ரமாபாய் கதவிலிருந்த ஸ்பீக்கரோடு காதை ஒட்டவைத்துக்கொண்டாள். "இல்லம்மா. லேசா கீது. இன்னும் கொஞ்சம் நேரா போயேன்."

எர்ணாவூர் வந்தது. அடுத்த பாட்டு வந்தது. இரண்டு பேர் முகத்திலும் வேர்வை வழிந்தது. ஞானசெல்வி புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, தானும் காதைக் கொடுத்துக் கேட்டுப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலியேக்கா. திருப்பிரட்டுமா?"

ரமாபாய் கண்ணைத் திறக்கவில்லை. ஈயம் பட்டுத் தழும்பேறிய கையை மட்டும் தூக்கி, முன்னால் கிடந்த ரோட்டைப் பார்த்து, போ, போ என்று இரண்டு தடவை அசைத்தாள்.