அந்தக் கிரேக்கக் கிழவர் மேல் எனக்குப் பொறாமை

என் மகள் ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு அழுததை நான் முதன்முதலாகப் பார்த்தது போன குளிர்காலத்தில். சோபாவில் காலை மடித்து உட்கார்ந்து, துப்பட்டா முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னம்மா என்று கேட்டதற்கு அட்டையைத் தூக்கிக் காட்டினாள். எழுதியவர் சுவீடனில் வாழும் ஒரு கிரேக்கப் பெண்மணி. சுவீடிஷில் எழுதுகிறவராம், மொழிபெயர்ப்பாளரும்கூடவாம். அவள் கையில் இருந்தது ஆங்கிலப் பதிப்பு.

எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன், நன்றாகவே எரிந்தது. நானும் எழுதுகிறவன்தான். ஷார்ஜாவின் ரோலா கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கிறேன். மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு நாலு மணிவரை கடை அடைத்திருக்கும் நேரத்தில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, துணி வெட்டும் மேசையில் தாளை வைத்துக் கதை எழுதுவேன். மூன்று தொகுப்புகள் வந்திருக்கின்றன. விற்காத பிரதிகள் எங்கள் கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டிகளில் தூங்குகின்றன.

இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவள் போன பள்ளியில் தமிழ் கிடையாது. உம்மாவிடம் கீழக்கரைத் தமிழ், தோழிகளிடம் ஆங்கிலம், டாக்ஸிக்காரரிடம் இந்தி. இதற்காக நான் அவளைக் கோபித்ததில்லை. ஆனால் எங்கோ பனிக்குள் உட்கார்ந்து எழுதுகிற ஒருத்தி, மொழி மாறி வந்து, என் வீட்டு சோபாவில் என் மகளை அழவைத்துவிட்டுப் போவாள், நான் வேடிக்கை பார்க்க வேண்டுமா?

“வாப்பா, இவங்க இங்க வர்றாங்க, புத்தக விழாவுக்கு. நீங்களும் வாங்களேன். நீங்க ரெண்டு பேரும் ரைட்டர்தானே” என்றாள்.

கேட்கச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எனக்கென்னவோ கேலி செய்வது போல இருந்தது. ஆனாலும் போனேன். அப்படி என்னதான் பேசிவிடுகிறாள் பார்ப்போமே என்றுதான்.

மண்டபம் நிறைந்து, சுவரோரமாகவும் ஆட்கள் நின்றார்கள். என் கடைசிப் புத்தக வெளியீடு ரோலாவில் ஒரு பிரியாணிக் கடையின் மாடியில் நடந்தது. பிரியாணி வந்ததும் பேச்சாளரை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் கை கழுவப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் பேச்சாளரும் போனார். இங்கே தண்ணீர் குடிக்கக்கூட ஒருவரும் எழவில்லை. அந்த அம்மாளின் சாயம் பூசாத நரைமுடி, கசங்கிய பருத்திச் சட்டை, எல்லாமே எனக்கு எரிச்சலூட்டின. மொழிபெயர்க்க அவர்கள் நாட்டில் உதவித்தொகை உண்டு என்று வேறு சொன்னார். கேட்டதும் என் பாதி இறக்கிய ஷட்டர் ஞாபகம் வந்தது.

பிறகு அவர் தன் கதையைச் சொன்னார். பெற்றோர் கிரேக்கத்தின் ஒரு மலையூரிலிருந்து சுவீடனுக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போனவர்கள். வீட்டில் கிரேக்கம், தெருவில் சுவீடிஷ். சொந்த நாவல்களைச் சுவீடிஷில் எழுதுகிறார். கிரேக்க நாவல்களைச் சுவீடிஷில் மொழிபெயர்க்கிறார். எந்தப் புத்தகத்தையும் முதலில் அவர் கண்ணால் படிப்பதில்லையாம். அப்பா வீட்டுச் சமையலறையில் போய் உட்கார்ந்து, அவரை உரக்க வாசிக்கச் சொல்வாராம். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கிழவர் அவர். வாசித்துக்கொண்டே எழுத்தாளரோடு சண்டை போடுவாராம். “எந்தப் பொம்பளை இப்படிப் பேசுவா?” என்று புத்தகத்தை மேசையில் போடுவாராம். எங்கே மூச்சு வாங்குகிறார், எங்கே சிரிக்கிறார் என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் மகள் எழுத உட்காருவாராம்.

“நாவலாசிரியரின் குரல் எனக்குத் தெரியாது, அப்பாவின் குரல் தெரியும். அதைத்தான் சுவீடிஷில் எழுதுகிறேன்” என்றார்.

அங்கேயே என் பொறாமை ஆள் மாறியது. அந்த அம்மாள் எப்படியோ நன்றாக இருக்கட்டும். அந்தக் கிழவர்! ஒரு வரி எழுதாத மனிதர். அவர் மூச்சு வாங்கினால்கூட மகள் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுக்கிறாள். மூன்று புத்தகம் எழுதிய எனக்கு அது வாய்க்கவில்லையே என்று மனம் அடித்துக்கொண்டது.

கையெழுத்து வாங்க வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும் மகள் என் தோளைத் தொட்டு, என் வாப்பாவும் எழுத்தாளர் என்று ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னாள். அந்த அம்மாள் அவளிடம், “இவர் கதைகள் எப்படி இருக்கும்?” என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

“அமைதியா இருக்கும். பெருசா ஒண்ணும் நடக்காது” என்றாள் என் மகள்.

காரில் ஏறியதும் கேட்டேன். “உனக்கு எப்படித் தெரியும்?”

“பெட்டியிலேர்ந்து ஒரு புக் எடுத்தேன் வாப்பா. பக்கத்த போட்டோ எடுத்தா போன் இங்கிலீஷ்ல காட்டுமே. ஒருத்தர் சவூதி யான்புலேர்ந்து லீவுக்கு ஊருக்கு வர்றார். பிள்ளைக்கு சோப்பு குடுக்கிறார். திரும்பிப் போறார். அவ்ளோதானே?”

அவ்வளவுதானாம்! வந்த மனிதரைப் பெற்ற பிள்ளையே யாரோ என்று நினைத்துக் கதவுக்குப் பின்னால் ஒளிகிறது. பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அவர் வாசனைச் சோப்பை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அதை எழுதி முடித்த அன்று நான் கடை திறக்கவே மறந்துபோனேன். அந்தக் கதையைத்தான் ஒரு போன் மென்று துப்பியிருக்கிறது. என் மகளுக்கு என் கதையை முதலில் சொன்னது நானில்லை, போன். இனி அதன் மேலும் பொறாமைப்பட வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தேன். பட்டேன்.

“நாளைக்கு மதியம் கடைக்கு வா” என்றேன்.

மறுநாள் ஞாயிறு, அவளுக்கு விடுமுறை. இரண்டு சுலைமானி டீ வாங்கிக்கொண்டு வந்தாள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அந்தச் சோப்புக் கதையை வாசிக்கத் தொடங்கினேன்.

“வாப்பா, நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு. பேசுற மாதிரி படிங்க.”

பேசுகிற மாதிரி வாசித்தேன். கொஞ்ச தூரம் போனதும் கையை நீட்டி நிறுத்தினாள்.

“அந்தப் பொம்பள புருஷன்கிட்ட இப்படியா பேசுவா? உம்மா உங்ககிட்ட இப்படிப் பேசி நான் பார்த்ததே இல்ல.”

“எழுதினது நானா நீயா?” என்று கத்தினேன். ஆனால் அவள் சொன்னது சரி. துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியால் அந்த வரியை அடித்துவிட்டு மேலே போனேன். சோப்பு வந்த இடத்தில் அவள் டீ குடிப்பதை நிறுத்தினாள். கதவுக்குப் பின்னால் பிள்ளை ஒளிந்த இடத்தில் நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் வாசிக்க முடியாது.

முடித்தபோது ஷட்டருக்கு அடியில் ஒரு தலை குனிந்து, “பாய், துகான் கப் குலேகா?” என்று கடை திறக்கும் நேரத்தை இந்தியில் கேட்டது. “சார் பஜே, பாய்” என்று நாலு மணிக்கு வரச் சொல்லி இவளே விரட்டினாள்.

“வாப்பா, கதவுக்குப் பின்னால நின்ன பிள்ள நீங்கதானே?”

தலையாட்டினேன்.

“போன் அதச் சொல்லவே இல்ல” என்று சொல்லித் துப்பட்டா முனையால் மூக்கைத் துடைத்தாள். போனை அணைத்து, துணிக்கட்டுக்கு மேல் கவிழ்த்து வைத்தாள். “முதல்லேர்ந்து படிங்க.”

நாலு மணி ஆகப்போகிறது. வெளியே அந்த ஆள் இன்னும் நின்றுகொண்டிருந்தார். நான் முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். அந்தக் கிழவர் வேண்டுமானால் இப்போது என்னைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைப்படட்டும்.