தனக்கே மெசேஜ் அனுப்பிய அண்ணை

2009இல் கிழக்கு லண்டனில், சிகரெட்டை விட உதவும் கிளினிக் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். கழுத்தில் தொங்கும் ஐடி அட்டையை பஸ்ஸிலும் கழற்றமாட்டேன்.

அப்போது தமிழர்களுக்காக ஒரு ஸ்மார்ட்போன் ஆப்பைப் பரிசோதித்துக்கொண்டிருந்தோம். போனையும் கிளினிக்கே கொடுக்கும். சிகரெட் ஆசை வந்தால் சிவப்புப் பட்டனை அமுக்கவேண்டும். உதவியாளராகப் பதிந்திருப்பவருக்கு உடனே ஒரு மெசேஜ் போகும்: ‘இவருக்குப் புகைக்கவேண்டும்போல் இருக்கிறது. கூப்பிட்டுப் பேசுங்கள்.’

சிவநேசன் அண்ணை ஈஸ்ட் ஹாமில் மரக்கறிக் கடையில் வேலை செய்தார். காலில் ரத்தக்குழாய் அடைப்பு. சிகரெட்டை விடாவிட்டால் ஆபரேஷன் செய்தும் பயனில்லை, காலை எடுக்க நேரிடும் என்று சொல்லி டொக்டர் அவரை எங்களிடம் அனுப்பியிருந்தார். அவருக்கும் அந்தப் போன் ஒன்றைக் கொடுத்தோம்.

அடுத்த முறை வந்தபோது அவரிடம் சிகரெட் மணம் அடித்தது.

“பட்டனை அமுக்கினீங்களோ அண்ணை?”

“ஓம் பிள்ளை, ஓயாமல் அமுக்கினனான்.”

“ஆர் கூப்பிட்டது?”

“ஒருத்தரும் இல்லை.”

போனை வாங்கிப் பார்த்தேன். உதவியாளர் எண்ணாக அதே போனின் எண்ணைப் போட்டிருந்தார்.

“வெறுமையா விட்டா அடுத்த பக்கம் போகுதில்லை. வேற என்ன செய்ய? மெசேஜ் எல்லாம் எனக்குத்தான் வருது. என்னை நானே எப்பிடிக் கூப்பிடுறது?” என்று சிரித்தார்.

“வீட்டில அக்காவின்ர நம்பரைப் போடலாமே?”

“மனிசி யாழ்ப்பாணத்தில. நான் சிகரெட் குடிக்கிறதே அவளுக்குத் தெரியாது.”

“உங்களோட அறையில இருக்கிறவை?”

“என்னைக் கண்டா சிகரெட்டை முதுகுக்குப் பின்னால ஒளிக்கிற பெடியள். அவங்களிட்டப் போய், ‘தம்பி, எனக்கு ஏலாமல் கிடக்கு’ எண்டு சொல்லுறதோ? விசர்க்கதை கதையாதேங்கோ. உங்கட நம்பரைப் போடட்டே?”

எங்கள் சொந்த எண்ணைக் கொடுக்க அனுமதியில்லை. மறுத்தேன். அன்று பஸ்ஸில், அந்த ஆப்பில் நான் யாருடைய எண்ணைப் போடுவேன் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ஒரு பெயரும் தோன்றாமலே, நான் இறங்கவேண்டிய செவன் கிங்ஸ் நிறுத்தம் வந்துவிட்டது.

மறுநாள் அவரைக் கூப்பிட்டேன். “அந்தப் பெடியளில ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவருக்கு நீங்கள் உதவியாளரா இருங்கோ.”

“அது செய்யலாம்,” என்றார் உடனே. “ரஞ்சன் ஊதித் தள்ளுறவன். அவனைத் திருத்தத்தான் வேணும்.”

ரஞ்சன் வந்து அண்ணையின் எண்ணைப் பதிந்தார்.

“அண்ணை பேசினா கேப்பீங்களோ?” என்று கேட்டேன்.

“கேப்பன் அக்கா. ஆனா அவற்ற வாயில சிகரெட் மணந்தா கேக்கமாட்டன்.”

“சரியடா,” என்றார் அண்ணை.

அதற்குப் பிறகு ரஞ்சன் பட்டனை அமுக்குவதற்குள்ளேயே அண்ணையின் போன் கோல் வந்துவிடுமாம். “‘டேய், சிகரெட் பத்தினனியோ?’ எண்டு கேப்பார். அவருக்கு ஆசை வந்தாலும் எனக்குத்தான் ஏச்சு விழும்,” என்றார் ரஞ்சன்.

அண்ணை சிகரெட்டை விட்டார். ஆபரேஷனுக்கு நாள் கிடைத்தது.

ஆப்பில் வரும் ‘உங்களுக்கு உதவுபவர் யார்?’ என்ற கேள்விக்கு முன்னால் ‘நீங்கள் யாருக்கு உதவுவீர்கள்?’ என்ற கேள்வியைச் சேர்க்க மனேஜரிடம் அனுமதி கேட்டு வாங்கினேன். உதவி கேட்கக் கூசுகிற எங்கள் ஆட்கள், உதவி செய்யச் சொன்னால் பின்வாங்குவதில்லை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணை ரஞ்சனின் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டு கால்களிலும் நின்றார். ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள், என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தி மரியாதையாக நிமிர்ந்தார்கள். சுகம் விசாரித்துவிட்டு வெளியே வந்தேன். கதவு மூடிய பிறகு மறுபடியும் சிரிப்புக் கேட்டது.