மூணு காப்பி அக்கா

வந்தவர் பையிலிருந்து ஹார்ட் டிஸ்கை எடுத்து மேசைமேல் வைப்பதற்குள் அக்காவின் கை அதன் அடியில் போய்விடும். மேசைக் கண்ணாடியில் ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்டுவிட்டால் அவருக்கு அன்றைய பொழுதே சரியிருக்காது. தளும்பத் தளும்ப நிறைந்த கிண்ணத்தைக் கொண்டுபோவதுபோல் அதை இரு உள்ளங்கையிலும் ஏந்தி உள்ளே எடுத்துப்போய், ரப்பர் விரிப்பின்மேல் படுக்கவைத்த பிறகுதான் வந்தவரின் முகத்தைப் பார்ப்பார். எப்படிக் கெட்டது, எப்போது கெட்டது என்பதெல்லாம் அப்புறம். முதல் கேள்வி, “இதுல என்ன இருக்கு?”

பலரும் இந்தக் கேள்விக்குத் தடுமாறுவார்கள். ஒரு மாட்டு வைத்தியர், பதினோரு வருடத்து எக்ஸ்ரே படங்கள் என்றார். ஒரு பெண் “சும்மா போட்டோதான்” என்று சொல்லிவிட்டு, பில்லை வாங்கிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்து, அவை தன் தம்பியுடன் பேச்சுவார்த்தை இருந்த காலத்துப் படங்கள் என்றாள். அக்கா எதற்கும் “ஐயோ” போடமாட்டார். நோட்டில் எழுதிக்கொள்வார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் கை ஒழுங்காக வேலை செய்யுமாம்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், பக்கவாட்டில் திரும்பி நடந்தால் மட்டும் புழங்கக்கூடிய கடை அவருடையது. கணினிகளில் காணாமல்போனதை மீட்டுத் தருவது தொழில். நாற்பத்தாறு வயது. நெற்றியில் ஏற்றிவிட்ட பூதக்கண்ணாடியை மறந்து அப்படியே பஸ் ஏறிவிடுவார். எதிர் இருக்கைக் குழந்தைகள் நாலு கண்ணைப் பார்த்துச் சிரிக்கும்போதுதான் நினைவு வரும். நிறுத்தத்தில் இறங்கும்வரை கழற்றமாட்டார். குழந்தைகள் ஏமாந்துபோகுமாம்.

‘மூணு காப்பி அக்கா’ என்ற பட்டப்பெயரைக் கேட்டுப் புதிதாக வருகிறவர்கள் அவரைக் காப்பிப் பைத்தியம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர் காப்பியைக் கையால்கூடத் தொடுவதில்லை. கடையை விட்டு இறங்கும் ஒவ்வொருவரிடமும் அவர் சொல்லும் வாசகத்திலிருந்து வந்த பெயர் அது. “எதுவா இருந்தாலும் மூணு காப்பி எடுத்து வைங்க. ஒண்ணு புழங்க, ஒண்ணு பெட்டியில, ஒண்ணு அடுத்த வீட்ல.” ரொட்டி வண்டி ஓட்டும் அவர் கணவர் மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வரும்போது, “என்னையும் எங்கயாவது காப்பி எடுத்து வெச்சிருக்கியா?” என்று கேட்பார். “ஒண்ணையே சமாளிக்க முடியல” என்று தலை நிமிராமல் பதில் வரும்.

ஹார்ட் டிஸ்கை அவர் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் பார்ப்பதே அதிகம். திருப்புளியின் மரப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து, மறுமுனையை டிஸ்கின் மேல் லேசாக ஊன்றுவார். உள்ளே தட்டு சுழல்கிறது. அதன்மேல் ஒட்டியும் ஒட்டாமலும் ஒரு முனை ஓடி ஓடிப் படிக்கிறது. முனை தேய்ந்தால், யோசனையில் இருப்பவர் மேசையை நகத்தால் தட்டுவதுபோல் தட்டும். மோட்டார் சிக்கினால் கொசுபோல் ரீங்கரிக்கும். “பாவம், வாய்விட்டுச் சொல்லிடும். நமக்குத்தான் கேக்க நேரமில்ல” என்பார்.

அதற்காகப் புதுவகை எஸ்.எஸ்.டி.யை அவர் வெறுப்பதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. அதில் சுழலவும் ஓடவும் ஒன்றுமில்லை. எல்லாம் சில்லுகள். மேசையிலிருந்து விழுந்தாலும் தூசு தட்டி மாட்டிக்கொள்ளலாம். பழைய டிஸ்கில் கணினியைப் போட்டுவிட்டுப் பல்தேய்த்து வரலாம் என்றால், இதில் பித்தானை அழுத்திய விரலை எடுப்பதற்குள் திரை வந்துவிடும். அவரே ஊரில் பாதிப் பேருக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஆனால் மின்சாரமே காட்டாமல் வருடக்கணக்கில் பெட்டியில் போட்டுவைத்தால் மறந்தாலும் மறந்துபோகும்; போகிற நாளில் முனகலும் இல்லாமல் போகும். “புழக்கத்துக்கு இது, இருப்புக்கு அது” என்பது அவர் கணக்கு. முன்பெல்லாம் எஸ்.எஸ்.டி.களை ‘ஊமைங்க’ என்றுதான் குறிப்பிடுவார். போன வருடத்தோடு அந்தச் சொல்லை விட்டுவிட்டார்.

அதற்குக் காரணம் ஒரு லேத்காரரும் அவர் மனைவியும். லேத்காரருக்கு அறுபதை ஒட்டிய வயது. இரும்புத் தூள் ஏறி நிரந்தரமாகக் கறுத்துப்போன விரல்கள். மனைவி பள்ளி ஆசிரியை. ஒன்பது வருடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டு அலமாரியில் கம்பளியைத் தொங்கவிட்டு, அதற்குள் தலையை நுழைத்துக்கொண்டு, பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்தவர். முந்நூற்று நாற்பது பாடங்கள். பாடத்திட்டம் மாறியதும் பள்ளிகள் பழைய பதிவுகளை அழித்துவிட, எல்லாமே ஒரே ஒரு ஹார்ட் டிஸ்கில் அந்த வீட்டில் மட்டும் மிஞ்சியது. பிறகு ஒரு காலையில் டீச்சர் குளியலறையில் விழுந்தார். உயிர் தப்பியது. வலது கையும் பேச்சும் போயின.

பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண்தான் வழி சொன்னாள். பழைய பதிவில் ஒரு வாக்கியத்தை ஓடவிட்டு நிறுத்த வேண்டும். டீச்சர் அதைத் திருப்பிச் சொல்ல முயல வேண்டும். லேத்காரர் தினமும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்படிச் செய்துவந்தார். வேறு யார் வாசித்தாலும் வாயை இறுக்கிக்கொள்ளும் டீச்சர், தன் குரலுக்கு மட்டும் உதட்டைப் பிரித்தார்.

டிஸ்க் தட்ட ஆரம்பித்த அன்றே லேத்காரர் அக்காவிடம் கொண்டுவந்துவிட்டார். மெஷின்காரர் அல்லவா, சத்தம் மாறியது அவருக்குப் புரிந்திருந்தது. அக்கா எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஓர் எஸ்.எஸ்.டி.க்கு மாற்றிக்கொடுத்தார். “இனிமே கவலையே படாதீங்கண்ணே, கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது” என்று சொல்லியும் அனுப்பினார். பழைய டிஸ்கை என்ன செய்வது என்று அக்கா கேட்டதற்கு, இனி அது எனக்கு எதற்கு, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, மனைவி தனியாக இருப்பதாக லேத்காரர் அவசரமாகக் கிளம்பினார். ஊருக்கெல்லாம் சொல்லும் மூணு காப்பி வாசகத்தை அன்று அவருக்குச் சொல்லவில்லை. அவசரத்தில் இருக்கிறார், அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று அக்கா விட்டுவிட்டார்.

எட்டாவது மாதம் லேத்காரர் வந்தார். நேற்றுவரை ஓடியதாம். இன்று காலை கணினியில் அப்படி ஒரு பொருளே இல்லையாம். விழவில்லை, நனையவில்லை, யாரும் தொடவில்லை. அக்கா அதை மாட்டிப் பார்த்தார். சூடு இல்லை, விளக்கு இல்லை. கைப்பழக்கத்தில் திருப்புளியைக்கூட எடுத்துவிட்டு, கேட்க ஒன்றுமில்லை என்பது உறைக்க, கீழே வைத்தார். இரண்டு நாள் எல்லாக் கருவிகளையும் வைத்துப் போராடினார். நடுவில் இருந்து எல்லாவற்றையும் நடத்தும் சில்லு போய்விட்டிருந்தது. அது இல்லாமல் மற்றச் சில்லுகளில் இருப்பதைப் படிக்க அவர் கையில் வழியில்லை.

மூன்றாம் நாள் லேத்காரரை உட்காரவைத்துச் சொன்னார். “அண்ணே, இது வராது. தப்பு என்னுது. இன்னொரு காப்பி எடுத்து வைங்கன்னு சொல்லியிருக்கணும். எல்லாருக்கும் சொல்ற வாய், உங்களுக்குச் சொல்லல.”

லேத்காரர் கறுத்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்பட்டிருந்தால் அக்காவுக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். கடைசியில், “தப்பு யாருதுன்னு நான் கேக்கலம்மா. அவ குரல் இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க” என்றார்.

பழைய டிஸ்க் ஞாபகம் அப்போதுதான் அக்காவுக்கு வந்தது. மாற்றிக்கொடுத்த பிறகு பழைய டிஸ்குகளைச் சுத்தமாக அழித்துவிடுவது அவர் வழக்கம். நாற்காலிமேல் ஏறி, மேல் தட்டிலிருந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தார். இருந்தது. ஆனால் அதன் முதுகில் இருக்கவேண்டிய பச்சை மின்சுற்றுப் பலகை இல்லை. மாட்டு வைத்தியரின் டிஸ்குக்கு அதே ரகப் பலகை தேவைப்பட்டபோது, இது சும்மாதானே கிடக்கிறது என்று கழற்றிப் போட்டது அக்காவேதான். பலகை இல்லாததால் அழிக்கவும் முடியாமல் அப்படியே போட்டுவைத்திருந்தார். அந்தந்த டிஸ்குக்கே உரிய பருப்பளவுச் சில்லை மட்டும் பலகையிலிருந்து பிரித்து, ஒட்டுநாடா போட்டு டிஸ்கின் மேலேயே ஒட்டியிருந்தார். “ஒரு அசட்டை கெடுத்துச்சு, இன்னொரு அசட்டை காப்பாத்தி வெச்சிருக்கு” என்று அன்று மதியம் கணவரிடம் சொல்லிவிட்டு, சோற்றைத் தொடாமல் தள்ளிவைத்தார். இருபது வருடத்தில் முதல்முறையாகக் கணவரும் கேலி பேசாமல் பாத்திரத்தை மூடி எடுத்துப்போனார்.

வைத்தியர் அந்த டிஸ்கை எப்போதோ தூக்கிப்போட்டிருந்தார். அக்கா கடையைப் பூட்டிவிட்டு, இரண்டு பஸ் மாறி, ஊருக்கு வெளியே உடைந்த கணினிகளை மூட்டை மூட்டையாகக் குவித்துவைத்திருக்கும் கிடங்குக்குப் போனார். சிமெண்டுத் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்து, டிஸ்குகளை ஒவ்வொன்றாக எடுத்து ரக எண்ணைப் படித்துப் பக்கத்தில் வைத்தார். கிடங்குக்காரர், கொஞ்சம் வேகமாக வைத்தால் தளும்பி வழிந்துவிடுமா என்ன என்று கிண்டல் செய்தார். அக்கா காதில் வாங்கவில்லை. நான்காவது மூட்டையின் அடியில், ஒரு பக்கம் நசுங்கிப்போய், அதே எண் கிடைத்தது. பலகைக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். உட்கார இடம் கிடைத்தும், குலுங்காமல் இருக்கட்டும் என்று நின்றுகொண்டே வந்தார்.

பழைய டிஸ்கின் சில்லை இந்தப் பலகைக்கு மாற்றி, டிஸ்கில் பொருத்தி மின்சாரம் கொடுத்ததும் தட்டு சுழன்றது. முனை தட்டியது. அடுத்த ஒன்பது நாட்கள் அக்கா வேறு வேலை எதையும் தொடவில்லை. கொஞ்சம் படிக்கவிடுவார். தட்டும் சத்தம் கூடினால் நிறுத்தி, ஆறவிட்டு, “சரி, மெதுவா, ஒண்ணும் அவசரமில்ல” என்று அதனிடமே பேசிவிட்டு மறுபடி தொடங்குவார். ஜெராக்ஸ் கடைக்காரர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு, அக்கா யாரோடு பேசுகிறார் என்று கேட்காமலே திரும்பிப்போனார்.

முதல் கோப்பு முழுதாக வந்தபோது சரிபார்ப்பதற்காக ஓடவிட்டார். தெளிவான, கொஞ்சம் கண்டிப்பான குரல். “இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் உள்ளன.” பிறகு குரல் தணிந்து, புத்தகத்தில் இல்லாததைப் பேசியது. “இங்க ஒரு படம் போட்டிருக்காங்க கண்ணுங்களா. பெரிய இலை. உங்க உள்ளங்கைய விரிச்சு வைங்க, அவ்ளோ பெருசு. நடுவுல ஒரு தடிச்ச கோடு, உங்க நடுவிரல் மாதிரி.” அக்கா தன்னையறியாமல் உள்ளங்கையை விரித்து, நடுவிரலைத் தடவிப் பார்த்தார். அதற்குப் பிறகு வந்த கோப்புகளை ஓரிரு விநாடி கேட்டுச் சரிபார்த்தாலே போதும். அவர் ஒன்றைக்கூட முழுதாகக் கேட்காமல் விடவில்லை.

முந்நூற்றுப் பதினேழு பாடங்கள் வந்தன. பத்தாம் நாள் காலை முனை அடங்கிவிட்டது. இருபத்துமூன்று பாடங்கள் வரவேயில்லை. போனவற்றின் தலைப்புகளை அக்கா ஒரு தாளில் தன் கையாலேயே வரிசையாக எழுதினார். வந்தவற்றைத் தினம் ஓட்டுவதற்கு ஓர் எஸ்.எஸ்.டி.யிலும், பெட்டியில் வைக்க ஒரு ஹார்ட் டிஸ்கிலும், தன் கடையில் வைத்துக்கொள்ள இன்னொன்றிலும் ஏற்றிவிட்டு லேத்காரருக்குச் சொல்லியனுப்பினார்.

அவர் மனைவியையும் அழைத்து வந்திருந்தார். ஊன்றுகோலோடு படியேற டீச்சருக்கு நெடுநேரம் பிடித்தது. உட்காரவைத்து, பதிவு ஒன்றை ஓடவிட்டதும், லேத்காரர் ஜெராக்ஸ் கடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டீச்சர் அழவில்லை. பாதி கேட்டதும் போதும் என்று இடது கையால் சைகை காட்டி, மேசையிலிருந்த தாளைத் தன் பக்கம் இழுத்தார்.

அது போனவற்றின் பட்டியல் என்று அக்கா சொன்னார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். டீச்சர் அதைக் கவனிக்கவில்லை. தாளில் மேலிருந்து கீழ்வரை, விடைத்தாள் திருத்துவதுபோல் பார்வையை ஓட்டினார். பிறகு முதல் வரியின்மேல் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

“தி… திரும்ப…” என்றார். உதடு கோணியது. “ப… படி… படிக்…”

“திரும்பப் படிக்கிறேன்னு சொல்றா” என்று லேத்காரர் உதவிக்கு வந்தார். டீச்சர் அவரைப் பார்த்த பார்வையில் ஒரு வகுப்பே அடங்கியிருக்கும். அவர் வாயை மூடிக்கொண்டார். டீச்சர் விரலை அதே வரியில் அழுத்தி, மூச்சை இழுத்து, தலைப்பின் முதல் எழுத்தைத் தேடத் தொடங்கினார்.

தெருவில் ஒரு லாரி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா எழுந்துபோய் ஷட்டரைப் பாதிக்கு இழுத்துவிட்டார். தலைக்குமேல் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினார். முக்காலியை டீச்சருக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.