வார்சோனோ சாப்பிட்ட ஆயிரமாவது நாள் சோறு

யோக்யா நகரின் தெற்கு அலுன்-அலுன் மைதானத்தில் வார்சோனோவுக்குப் பக்கத்தில்தான் என் ரோண்டே வண்டி நிற்கிறது. இஞ்சித் தண்ணீரில் மாவுருண்டை போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. வானத்தைக் காட்டிக் காசு வாங்குவது அவன் பிழைப்பு. அவன் பெயரைச் சொன்னாலே எனக்குக் குமட்டும்.

முன்பு கண் மருந்து விற்றான். வாங்கியவர்களுக்குக் கண் எரிந்ததுதான் மிச்சம். பிறகு எங்கிருந்தோ ஒரு பழைய தொலைநோக்கியைப் பிடித்தான். கட்டைவிரலை எச்சில் தொட்டு அதன் கண்ணாடியைத் துடைப்பான். அதில்தான் எல்லோரும் கண்ணை வைக்க வேண்டும்.

நிலா ஜனங்களுக்குச் சீக்கிரமே சலித்துவிட்டது. அப்போது ரோண்டே குடிக்க வந்த கல்லூரிப் பையன்கள் பேசியது அவன் காதில் விழுந்தது. தெற்கே மின்னும் ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சம் இங்கே வந்து சேர நாலு வருடம் நாலு மாதம் ஆகுமாம். அதைவிடப் பிரகாசமான இன்னொன்றுக்கு எட்டரை வருடத்துக்கும் மேலாம். கணக்கு இரண்டும் உண்மைதான். உண்மையை வைத்துக்கொண்டே ஒருவன் இவ்வளவு கேவலமாகப் பிழைக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ருமியாத்தி என் தெருக்காரி. அவள் பையன் பாயு மூன்று வயதில், ஒரு ஜனவரியில், டெங்குக் காய்ச்சலில் போனான். மூன்றாம் வருடம் செப்டம்பரில் அவளும் புருஷனும் மைதானத்துக்கு வந்தார்கள். அடுத்த மாதம் ஆயிரமாவது நாள். அன்றைக்கு விருந்து வைத்து, புதைத்த இடத்தில் கல் நட்டால், அதோடு செத்தவர் கடன் தீர்ந்தது. கல்லுக்குச் சொல்லிவிட்டு வருகிற வழி என்று என்னிடம் சொன்னாள். வார்சோனோ காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான்.

"தங்கச்சி, அந்த நட்சத்திரத்துலேருந்து இப்ப வர்ற வெளிச்சம் நாலு வருஷத்துக்கு முன்னாடி கிளம்புனது, இங்கேருந்து அங்க போறதும் அப்படித்தான். அங்கேருந்து பாத்தா உம் பையன் இப்பத்தான் தத்தித் தத்தி நடக்குறான். அவனுக்கா கல்லு நடப் போற?"

அவள் கண்ணாடியில் கண்ணை வைத்தாள். எடுக்கவே இல்லை. சிரித்தாள்.

விருந்து நின்றுபோனது. செதுக்கிய கல் தச்சன் வாசலிலேயே கிடந்தது. நடக்கிற பிள்ளைக்கா திதி என்று புருஷனிடம் சண்டை போட்டாள். அவன் பேச்சைக் குறைத்தான். பிறகு அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டான். நட்சத்திரம் தெரிகிற மாதங்களில் அவள் தினமும் வந்தாள். பாயு இப்போது பேசுவான், இப்போது சட்டையைத் தானே மாட்டுவான் என்று வார்சோனோ எடுத்துக் கொடுப்பான், காசையும் எடுத்துக்கொள்வான். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் அவனுக்கு. நான் திட்டினால், நான் பொய்யா சொன்னேன் என்று பல்லைக் காட்டுவான்.

வெளிச்சத்துக்கும் ஜனவரி வரும் என்பதை அவள் மறக்கவில்லை. நாலு வருடம் நாலு மாதம் கழித்து, இந்த மே மாதம் அது வந்தது. அந்தக் கணக்கில் காய்ச்சல் கண்ட நாளிலிருந்து அவள் சாப்பிடவில்லை. பிள்ளை செத்த வெளிச்சம் அங்கே போய்ச் சேர வேண்டிய அன்று, இருட்டியதும் வந்து கண்ணை வைத்தாள். நட்சத்திரம் எப்போதும் போலத்தான் மின்னியது. கொஞ்ச நேரத்தில் அவள் தோள் குலுங்கியது.

அந்தப் பாவி என்ன செய்தான் தெரியுமா? பக்கத்தில் நின்றவன், அவள் முகத்தைக்கூடத் துடைக்க விடாமல், குழாயை மேற்கே அந்த இன்னொரு நட்சத்திரத்துக்குத் திருப்பினான்.

"அழாத தங்கச்சி. இதப் பாரு, எட்டரை வருஷம். இதுல அவன் இன்னும் பொறக்கவே இல்ல. அடுத்த வருஷம் பொறப்பான். மறுபடி மொதல்லேருந்து பாக்கலாம்."

என் கையிலிருந்த கரண்டியை அவன் தலையில் போட்டிருப்பேன். அதற்குள் அவளே கேட்டாள்.

"மறுபடி காய்ச்சலும் வருமில்லண்ணே? எம் புள்ளைய இன்னும் எத்தன தடவ சாகக் குடுக்கச் சொல்றீங்க?"

வார்சோனோ கட்டைவிரலை எச்சில் தொட்டுக் கண்ணாடியைத் துடைத்தான். அவள் போய்விட்டாள்.

அடுத்த வாரம் கல் நட்டார்கள். புருஷன்தான் சுமந்து வந்தான். மறுநாள் மாலை ருமியாத்தி விருந்துச் சோற்றுப் பெட்டியோடு மைதானத்துக்கு வந்தாள். சோறு, கோழி, அதன்மேல் செத்தவர்களுக்கென்று சுடுகிற அப்பெம் பணியாரம். வார்சோனோ முன்னால் வைத்தாள்.

"பாயுவோட ஆயிரமாவது நாள் சோறு. நாள் தப்பி வச்சது. அவன் உயிரோட இருக்கான்னு எங்கிட்ட சொன்னது நீங்கதான். நீங்க தின்னாத்தான் அவன் செத்தது எனக்கு முடியும். தின்னுங்கண்ணே."

வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பசியில்லை என்றான். அவள் அசையவில்லை. பெட்டியைத் திறந்து, அப்பெத்தைப் பிய்த்து வாயில் போட்டான். ஓசிச் சோறென்றால் பறக்கிறவன் அன்று ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கினான். கடைசிப் பருக்கை வரை நின்று பார்த்துவிட்டு, காலிப் பெட்டியை வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள்.