போட்டு வாறன் விளங்காத கொம்பியூட்டர்

நாமே ஒரு பாத்திரமாக மாறி ஆடும் கணினி விளையாட்டுகளில் எது முக்கியம், கதையா, சூழலா, ஆடும் முறையா என்று இணையத்தில் ஆட்கள் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறுவதை நான் விரும்பிப் படிப்பேன். குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டும் இவ்வளவு கோபப்படுகிறார்களே என்று பொறாமையாக இருக்கும். நாங்கள் இதே சண்டையை யாழ்ப்பாணத்து நல்லூரில், குண்டுக்கு ஒளிய வெட்டிய ஒரு பங்கருக்குள் பிடித்தோம். கரண்ட் இல்லை, ஆகவே விளையாட்டும் இல்லை. சண்டைக்கு மட்டும் குறைவில்லை.

கொம்பியூட்டர் ஒன்று இருந்தது. என்னோடு டியூஷனில் படித்த ஒருவனுக்கு லண்டனிலிருந்து அவனுடைய அண்ணை அனுப்பியது. அதைத் தொலைக்காட்சிப் பெட்டியில் பொருத்தி, கசெற்றைப் போட்டு, அது கீச்சிட்டு முடியும்வரை காத்திருந்தால் திரையில் எழுத்து வரும்: நீ ஒரு குகையில் நிற்கிறாய், என்ன செய்யப்போகிறாய்? படம் கிடையாது. இரண்டு சொல்லில் கட்டளை எழுத வேண்டும். வாளை எடு. கதவைத் திற. மூன்றாவது சொல் எழுதினால் விளங்கவில்லை என்று சொல்லிவிடும்.

தொண்ணூறில் போர் மூண்டு கரண்ட் போனதும் கொம்பியூட்டர் அலுமாரிக்குள் போனது. அதன் சொந்தக்காரன், விளையாட்டு முழுவதையும் மனப்பாடம் செய்து வைத்திருந்த பாவி, தானே கொம்பியூட்டர் ஆகிவிட்டான். வானொலிச் செய்தி வாசிப்பவர் மாதிரிக் குரலை மாற்றி, எங்களை 'நீர்' என்று அழைத்து, இரண்டு சொல்லுக்கு மேல் எது கேட்டாலும் "நீர் கூறியது விளங்கவில்லை" என்பான். மனிதன்தானே, கொஞ்சம் இரங்குவான் என்று நினைத்தேன். அலுமாரிக்குள் கிடந்ததற்கு இவனைவிட ஈரம் இருந்தது.

மூன்றாமவன் கடற்கரைக் குருநகரிலிருந்து வருபவன், ஆகவே குருநகரான். மீன்பிடிக் குடும்பம். கடலுக்குப் போகத் தடை என்பதால் சைக்கிளில் எங்களிடம் வந்துவிடுவான். அவனுக்கு வேண்டியது சூழல். குகை என்றால் நாக்கைச் சொடுக்கித் தண்ணீர் சொட்ட வைப்பான், மூக்கால் காற்று ஊதுவான். எனக்கு வேண்டியது கதை. என்னுடைய பாத்திரம் ஒரு கள்ளன். அவனுக்கு நான் ஒரு தாயையும், கோபித்துக்கொண்டு போன ஒரு காதலியையும், நீதிமன்றத்தில் ஒரு காணி வழக்கையும் கொடுத்திருந்தேன்.

"விளையாட்டிலை கதைதான் முக்கியம்," என்றேன் ஒருநாள்.

"ஓம், உனக்குக் கதைதான் முக்கியம். வாயை மூடமாட்டாயே," என்றான் குருநகரான். எங்கள் ஊரில் கதை என்றால் பேச்சும்தான். எதிரிக்கு வசதியான மொழி.

"ரெண்டு பேரும் விசரர். சட்டம் இல்லாட்டி என்னடா விளையாட்டு?" என்றான் கொம்பியூட்டர்.

இந்த இரண்டு பேரையும் நான் ஏன் சகித்தேன் என்றால், பயத்தால். குண்டு போடும் பொம்பர் விமானத்தின் சத்தம் கேட்டால் கொம்பியூட்டர் வீட்டுப் பங்கருக்குள் முதலில் பாய்வது நான். அவர்கள் வீட்டு நாய் இரண்டாவது. உள்ளே போனதும் பற்கள் தாளம் போடத் தொடங்கும். கள்ளனாக மாறிக் கதைத்துக்கொண்டிருந்தால் மட்டும் நடுக்கம் நிற்கும். அவன் என்னைவிடத் துணிந்தவன். ஆனால் கொம்பியூட்டர் ஒரு சட்டம் வைத்திருந்தான்: செத்தவன் அன்று முழுக்க வாய் திறக்கக்கூடாது. ஆகவே என்ன நடந்தாலும் என் கள்ளன் சாகக்கூடாது.

ஒருநாள் மத்தியானம் பொம்பர் வந்தது. நாய்க்கு முந்தி இறங்கினேன். விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடங்கியது. கள்ளனுக்கு எதிரே பூதம் நின்றது. தப்பிக்க ஒரே வழி வடக்கு வாசல். மற்ற நாளென்றால் "வடக்கே போறன்" என்று இரண்டு சொல்லில் முடித்திருப்பேன். ஆனால் படலையைத் தாண்டும் எவரும் எங்கள் ஊரில் 'போறன்' என்று சொல்வதில்லை. போறவன் வராமலே விட்டுவிட்டால்? போய்விட்டு வருகிறேன் என்பதற்குப் 'போட்டு வாறன்' என்போம். தலைக்குமேல் பொம்பர் சுற்றும்போது அந்தச் சொல் எனக்கு வரவில்லை.

"வடக்கே போட்டு வாறன்," என்றேன்.

"நீர் கூறியது விளங்கவில்லை."

"டேய், விளங்காத மாதிரி நடியாதை! போட்டு வாறன்!"

கொம்பியூட்டர் கொஞ்சம் யோசித்தான். "வடக்கே போனீர். திரும்பி வந்தீர். பூதம் உமக்கு எதிரே நிற்கிறது."

குருநகரான் விழுந்து விழுந்து சிரித்தான். "போறன் எண்டு சொல்லன்ரா."

"சொல்லமாட்டன்."

"சொல்லாட்டிச் சாவாய்."

"சொன்னாலும் சாவன்!"

பொம்பர் குண்டு போடத் தாழப் பதிந்தது. எங்கோ தூரத்தில் விழுந்த குண்டுக்குப் பங்கர்க் கூரையின் பனங்குற்றிகளின் இடையிலிருந்து மண் கொட்டியது. என் வாயிலிருந்து வந்தது "அம்மா" என்ற ஒரு சொல்தான்.

"நீர் கூறியது விளங்கவில்லை. பூதம் உம்மை அடித்தது. நீர் இறந்துவிட்டீர்."

அவனுடைய சேர்ட்டைப் பிடித்தேன். "அம்மா எண்டால் உனக்கு விளங்காதோ?"

"செத்தவன் கதைக்கக்கூடாது."

குருநகரானைப் பார்த்தேன். உவன் எனக்காக ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பூதத்தின் உறுமலை அல்லவா செய்துகொண்டிருந்தான்.

வாயை மூடினேன். நினைத்தபடியே பற்கள் தொடங்கின. பிறகு முழங்கால்கள். நாய் என்னைப் பார்த்துவிட்டு எழும்பிப் போய்க் குருநகரானுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. பொம்பர் இரண்டாம் முறை வந்தது. இந்த முறை குண்டு கிட்ட விழுந்தது. குருநகரானின் உறுமல் நின்று, "மாதாவே" என்று ஒரு மெல்லிய குரல் மட்டும் கேட்டது. சூழல் தேவைக்கு மேலாகவே இருந்தது.

இருட்டுக்குள் கொம்பியூட்டர் கேட்டான்: "என்ன செய்யப்போகிறீர்?"

குருநகரான் செபம் செய்துகொண்டிருந்தான். நான் பிணம்.

"என்ன செய்யப்போகிறீர்?" செய்தி வாசிக்கும் குரலில் ஒரு விரிசல். என்னுடைய முழங்காலில் இடித்துக்கொண்டிருந்த முழங்கால் அவனுடையது என்று அப்போதுதான் தெரிந்தது. எவரும் கட்டளை கொடுக்காவிட்டால் கொம்பியூட்டருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. சட்டம் எல்லாம் அவனிடம் இருந்தது. ஆட ஆள் இல்லை.

எனக்கு அந்த நடுக்கத்திலும் ஒரு சந்தோசம். உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். செத்தவன் கதைக்கக்கூடாது.

"கதையடா!" என்று கத்தினான். 'நீர்' எங்கே போனதோ.

தலையை ஆட்டினேன்.

"டேய், நீதானே போட்டு வாறன் எண்டனி? செத்துப் போட்டு வந்திட்டாய். வந்திட்டாய் எண்டுறன்! பூதம் நிக்குது. என்ரை அப்பனே, ஏதாவது கதை!"

பற்களை ஒன்றோடொன்று கடித்து நிறுத்தினேன். என் கள்ளன் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டான்.

"கொம்பியூட்டருக்கு அடி," என்றேன். இரண்டே சொல். சட்டப்படி.

அவன் மூச்சை இழுத்துக் குரலைச் சரிசெய்துகொண்டான். "நீர் கூறியது விளங்கவில்லை."

முதுகில் விளங்கும்படி ஒன்று கொடுத்தேன்.